உத்தரத்தில் இடிக்காத கம்பி

அத்தியாயம் 14

அன்று காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை.

தினமும் சௌபர்ணிகா காரை எடுத்துக்கொண்டு அந்த உத்தரத்தைக் கடக்கும்போது, கூரை மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரேடியோ ஏரியல் அதில் போய் இடிக்கும். 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு அந்தக் கம்பி ஆடி ஓயும் வரை 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம். அதைக் கேட்டதும் அவளுக்கு வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு தேவகோட்டைக்குப் போய், அங்கே பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துவாள். பிள்ளைகளுக்கு அவள் சிடுமூஞ்சி டீச்சர். அந்தச் சிடுசிடுப்புக்குக் காரணம் தாங்கள் இல்லை என்பது பாவம், பிள்ளைகளுக்குத் தெரியாது.

இன்று 'டங்' இல்லை.

சௌபர்ணிகா பிரேக்கை அழுத்தினாள். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உத்தரத்தை உயர்த்திவிட்டார்கள்! பெத்தனுக்குப் புத்தி வந்துவிட்டது! மனிதனை வாய்க்கு வந்தபடி திட்டினோமே என்றுகூட ஒரு கணம் வருத்தப்பட்டாள்.

இந்தத் தொடரை விடாமல் படித்துவருகிறவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் உள்ள அந்தப் பெரிய வீட்டுக்கு இரண்டு பங்கு. முன்பாதி பெத்தனுடையது. அவனும் அவன் மனைவி தேனம்மையும் அதை ஹோட்டலாக மாற்றி, பழைய வீட்டில் தங்கிப் பார்க்க ஆசைப்படுகிற வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள். பின்பாதி பெத்தனுடைய பெரியப்பா சத்தியமூர்த்திக்கு. அவர் மகன் கார்த்திகேயனும் மருமகள் சௌபர்ணிகாவும் அவரோடு இருக்கிறார்கள். வீட்டின் பின்னால் ஊருணி என்பதால் அந்தப் பக்கம் வழி கிடையாது. பக்கவாட்டில் போகும் வண்டிப்பாதை ஒன்றுதான் பின்பாதிக்காரர்களுக்கு வழி. அது இரண்டு பங்குக்கும் பொது.

அந்தப் பொதுப் பாதையின் வாயில்தான் பெத்தன் ஐப்பசி மாதத்தில் இரண்டு தேக்குத் தூண்களை நட்டான். மேலே கஜலட்சுமி செதுக்கிய பழைய உத்தரம் ஒன்றை ஏற்றினான். யாரோ இடித்து விற்ற வீட்டின் மரம் அது. விருந்தாளிகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். தூண்கள் குட்டை. அடியில் கல் வைத்து உயர்த்து என்று கார்த்திகேயன் சொன்னபோது, கல் வைத்தால் அழகு போய்விடும் என்றான்.

போன மாதம் ஒரு காலையில் சத்தியமூர்த்திக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, உத்தரத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அழகுக்காகப் பாதை முழுக்கக் கொட்டியிருந்த கூழாங்கல்லில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளவில்லை. பெரியவரைத் தூக்கிக்கொண்டு அந்த நீளப் பாதையைக் கடந்தார்கள். மாடியில் தங்கியிருந்த ஒருவர் அதையும் படம் எடுத்தார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். இன்னொரு தடவை வரக்கூடும், வந்தால் தாமதிக்கவே கூடாது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து உத்தரத்தை உயர்த்தச் சொல்லிச் சௌபர்ணிகா கேட்டுக்கொண்டிருக்கிறாள். "படைப்பு முடியட்டும்" என்கிறான் பெத்தன். படைப்பு என்றால், மறைந்துபோன முன்னோருக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடி ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வழிபாடு. அந்தச் சமயத்தில் பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் இருக்கக் கூடாது என்பார்கள். அதனால் மனத்தாங்கலைத் தீர்த்துவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வாயை மூடிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தப் படைப்பு நாளைக்கு.

சௌபர்ணிகா காரிலிருந்து இறங்கிப் பார்த்தாள். உத்தரம் அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தது. புதிதாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் வேறு கட்டியிருந்தது.

அப்போதுதான் காரின் கூரையைப் பார்த்தாள். நீளமாக, சற்றே பின்பக்கம் சாய்ந்து நிற்கும் அந்தக் கம்பி இல்லை. அது இருந்த இடத்தில் கட்டை விரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு குட்டைக் கம்பி முளைத்திருந்தது.

"இப்பச் சரியாப் போச்சுல்ல ஆச்சி?"

தேனம்மை வாசலில் நின்று சிரித்தாள். மூத்தவர் மனைவி என்பதால் சௌபர்ணிகா அவளுக்கு ஆச்சி. கையில் பூக்கூடை. படைப்புக்கு வரப்போகிற பங்காளிகளை வரவேற்க வீடு முழுக்கப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"எது சரியாப் போச்சு?"

"தெனமும் அந்தக் கம்பி மகாலட்சுமி மேல இடிச்சுக்கிட்டே இருந்துச்சுல்ல. தாமரை இதழ்ல எம்புட்டு கீறல் பாருங்க. எனக்கு மனசே ஆறலை. பூசை போட்டு ஏத்துன மரம் ஆச்சி. இப்ப யாருக்கும் சங்கடமில்லை."

பேசினால் என்ன வார்த்தை வரும் என்று சௌபர்ணிகாவுக்கே பயமாக இருந்தது. அரைப் பரீட்சை நடக்கிற நேரம், கண்காணிப்புக்கு நேரத்தோடு போயாக வேண்டும். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் தேனம்மை கையிலிருந்து இரண்டு செவ்வந்தி கீழே விழுந்தது.

உத்தரம் ஆளை மறிக்கலாம், ஆம்புலன்ஸை மறிக்கலாம். அதை ஒரு கம்பி தொட்டால் மட்டும் பாவம். அந்தக் கம்பியை மாற்றிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. இந்த நியாயத்தை எழுதும்போது எனக்கே எரிச்சலாக வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

தேவகோட்டை ரோட்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் ரேடியோவைப் போட்டாள். கொடைக்கானலில் இருந்து வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டே போவது அவள் வழக்கம். அந்தப் பயண நேரம் ஒன்றுதான் நாளில் அவளுக்கென்று கிடைப்பது. இன்று பாட்டு வரவில்லை. மணலைக் கொட்டுகிற மாதிரி இரைச்சல். இரைச்சலுக்குள் எங்கேயோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கம்பி குட்டையானால் தூரத்து அலை சரியாகச் சிக்காது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவள் ரேடியோவை அணைக்கவில்லை. அந்த இரைச்சலை வேண்டுமென்றே கடைசிவரை கேட்டுக்கொண்டு போனாள்.

போகப் போக ஒரே ஆள்தான் அவள் கண்ணில் நின்றான். கார்த்திகேயன்.

அவனைத் தவிர வேறு யார் செய்வார்கள்? சண்டை என்றாலே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிற ஆள் அவன். மின்சாமான் கடை வைத்திருக்கிறான். ஊரில் எந்த வீட்டில் ஷாக் அடித்தாலும் ஓடுவான், தன் வீட்டில் அடித்தால் மட்டும் மெயினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

பரீட்சை இடைவேளையில் போன் போட்டாள்.

"ஏரியலை எதுக்கு மாத்துனீக?"

"எந்த ஏரியல்?"

"கோயில் கோபுரத்து மேல இருக்குமே, அது. நம்ம கார் ஏரியலுங்க!"

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ பல்பு விலை சொல்வது கேட்டது.

"நான் மாத்தலை."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப யாரு?"

"சாயங்காலம் பேசுவோமே. கடையில ஆள் இருக்காக. நாளைக்குப் படைப்பு, இந்த நேரத்துல..."

"படைப்பு முடியட்டும்னு மட்டும் சொல்லிராதீக. எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"நீ ஏற்கெனவே கோவமாத்தானே இருக்க?"

"இது கோவமே இல்லைங்க. இன்னும் வரலை அது."

போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழம்மா தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மெதுவாக வேறு மேசைக்குப் போனார்.

மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நேரே வீட்டுக்குப் போகவில்லை. புதுவயல் ரோட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கும் காளிராஜிடம் போனாள். சீட் கவரிலிருந்து ஹாரன் வரை அந்தக் காருக்கு எல்லாம் அவன்தான். அரிசி லாரி ஒன்றுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவன், இவளைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள்ளே போகப் பார்த்தான்.

"காளிராஜ், உள்ள எங்குட்டு போறீங்க? இங்குட்டு வாங்க."

"வாங்க டீச்சர். என்ன, ஆன்டெனா சரியா எடுக்கலையா? அது டவுனுக்குள்ள எடுக்கும். தூரத்து ஸ்டேஷன்தான் கொஞ்சம் இழுக்கும்."

"யார் மாட்டச் சொன்னது?"

"அது வந்து... நேத்து சாயங்காலம் நீங்க கோயிலுக்குப் போயிருந்தீகல்ல..."

"நான் எங்க போனேன்னு எனக்குத் தெரியும். யார் சொன்னது?"

காளிராஜ் லாரியைப் பார்த்தான். லாரி ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க மாமனார்தான் டீச்சர் போன் போட்டாக. பழச அப்படியே திருகிக் கழட்டிட்டு இதத் திருகச் சொன்னாக. மரை சேரலை. ஒரு வாசர் வச்சு இறுக்கியிருக்கேன், தண்ணி இறங்காது. மருமகளுக்குக் கோவம் வரும், வாரதுக்குள்ள முடிச்சுட்டு ஓடிருன்னு அவுகளே சொன்னாக. நான் என்ன பண்ணட்டும்?"

சௌபர்ணிகா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பெத்தன் செய்திருந்தால் திட்டலாம். கார்த்திகேயன் செய்திருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். யாருடைய உயிருக்காகத் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாளோ, அவரே அவளுக்குத் தெரியாமல் ஆள் வைத்துக் கழற்றியிருக்கிறார். அவள் வண்டியில். அவள் சம்பளத்தில் வாங்கிய வண்டியில்.

"பழசையே மாட்டிரட்டுமா டீச்சர்?" என்றான் காளிராஜ், பயந்த குரலில்.

"வேணாம். அது கம்பியோட தப்பில்லை."

வீட்டுக்கு வந்தபோது சத்தியமூர்த்தி பின்கட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, நாளைக்கு வேண்டிய வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பங்காளிகளில் அவர்தான் மூத்தவர். படைப்பை அவர்தான் முன்னின்று நடத்த வேண்டும். மருமகள் பையைக் கீழே வைக்காமல் எதிரே வந்து நின்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"காளிராஜ் சொல்லிட்டானா?"

"சொன்னாரு."

"நாந்தான் செய்யச் சொன்னேன். தேனம்மை வந்து அழுதா. லட்சுமியை ஒரு கம்பி தெனமும் அடிக்குதுன்னா, குடும்பத்துக்கு நல்லதில்லைல்ல ஆத்தா."

"அந்த லட்சுமி உங்களைக் கொல்லப் பாத்துச்சு மாமா."

"வாயை அலம்பு!"

அவர் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. இருபது வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய்வந்து, அங்கே ஓடும் சௌபர்ணிகா ஆற்றின் பெயரை மகளுக்கு வைத்த பக்திமான் அவள் அப்பா. அவர்கூட அவளை அதட்டியிருக்கிறார். மாமனார் அதட்டியதில்லை.

"அலம்பிட்டே சொல்றேன் மாமா. தேனம்மை அழுதது உங்களுக்குப் பெருசாத் தெரிஞ்சுச்சு. நான் அழுதது தெரியலையா?"

"நீ எங்க அழுத? சண்டைதானே போட்ட."

"எனக்கு அழுகை அப்படித்தான் வரும்."

பெரியவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது. அவருக்கும் கோபம் வரும் என்பதையே இந்த வீடு மறந்து போயிருந்தது.

"நீ எல்லாத்தையும் கேட்டுட்ட. இதையும் கேட்டுக்க. அன்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போனப்ப எனக்கு நெனவு இருந்துச்சு. வேட்டி வெலகிக் கெடந்துச்சு. மாடியில ஒருத்தன் படம் புடிச்சான். ஓட்டல்ல வேலை பாக்குற பொண்ணுக வரிசையா நின்னு பாத்துச்சுக. இந்தத் தெருவுல நான் தலை குனிஞ்சு நடந்ததில்ல. என்னைக் கெடத்தித் தூக்கிட்டுப் போனீக."

"மாமா..."

"இன்னொரு தடவை வந்தா ஆம்புலன்சு கூப்பிடாதீக. அம்புட்டுதான். அதுவே வரலைன்னா, உத்தரம் உசரமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன? அதுக்காகப் பங்காளியோட எதுக்கு மல்லுக்கு நிக்கணும்? அதான் கம்பிய மாத்துனேன். சத்தம் நிக்கட்டும்னு மாத்துனேன்."

அவருக்காக இரக்கப்பட வேண்டிய இடம் இது என்று சௌபர்ணிகாவுக்குத் தெரிந்தது. ஆனால் வந்தது கோபம். செத்தாலும் சரி, சத்தம் வரக் கூடாதாம். அதைப் போய் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வெட்கத்துக்கு விலையாக உயிரைக் கொடுக்கிறேன் என்று ஒரு மனிதர் வெற்றிலை அடுக்கிக்கொண்டே சொல்கிறார்.

அவள் திரும்பி நடந்தாள். பையை வழியிலேயே போட்டாள். பின்கட்டு வாசலில் நின்ற காரை எடுத்தாள். பாதையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டு தூண்களுக்கும் நட்டநடுவே, உத்தரத்துக்கு நேர் கீழே நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். இறங்கிக் கதவைப் பூட்டி, சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பானெட்டில் சாய்ந்து நின்றாள்.

சமையல் சாமான் ஏற்றிய வேன் அப்போதுதான் தெருவில் வந்து நின்றது. படைப்புச் சமையல் பின்கட்டில்தான் நடக்கும். வேனிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோக வேண்டிய அண்டாக்களுக்குக் காருக்கும் தூணுக்கும் இடையே வழி இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. மறுபடி அடித்தான். அவள் பார்த்த பார்வையில் அவனும் எஞ்சினை அணைத்துவிட்டான்.

பெத்தன் வேகமாக வந்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, முகத்தில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு.

"அண்ணமிண்டி, வண்டி நின்னுபோச்சா? ஆளை விட்டுத் தள்ளச் சொல்லட்டுமா?" என்றான். அண்ணன் மனைவியை அங்கே அண்ணமிண்டி என்பார்கள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. நாந்தான் நிறுத்தியிருக்கேன்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"வண்டிய எடுங்க. சாமான் உள்ள போகணும்."

"உத்தரத்தை எடுங்க. வண்டி உள்ள போகணும்."

"இப்பத்தான் இடிக்கலையே! பெரியப்பச்சியே பெரிய மனசு பண்ணி மாத்திக் குடுத்துட்டாக..."

"ஆம்புலன்சுக்கும் மேல ஒரு கம்பிதான் இருக்குன்னு நெனச்சீகளா? அதையும் மாத்திட்டா உள்ள வந்துருமா?"

இதற்குள் தேனம்மை வந்துவிட்டாள். முதல் காரில் வந்திறங்கிய மதுரைப் பங்காளிகள் மாலையும் பழத்தட்டுமாகத் தெருவிலேயே நின்றார்கள். எல்லோரும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படி நிக்கிறீகளே ஆச்சி. பூசை போட்டு வச்ச மரத்துல கை வச்சா குடும்பத்துக்கு ஆகுமா?"

"கை வைக்கச் சொல்லலை தேனம்மை. அடியில தூணுக்கு ரெண்டு கல்லு வையுங்கன்னுதான் சொன்னேன். லட்சுமியை இறக்கச் சொல்லலை, ஏத்தத்தானே சொல்றேன். ஏறுறதுக்கு அவளுக்கு என்ன கஷ்டம்?"

பங்காளி ஒருவருக்கு இருமல் வந்தது. அது சிரிப்பா என்பது எனக்குத் தெரியாது.

பெத்தன் முகம் கறுத்தது. "படைப்பு முடியட்டும்னு சொன்னேன்ல? ஒரு நாள் பொறுக்க முடியலையா? நாளைக்கு வாரவக எல்லாம் நம்ம முன்னோர்ங்க. அவுக முன்னால இப்படியா?"

"படைப்பு யாருக்குத் தம்பி? போனவகளுக்கு. நான் இருக்கவகளுக்குக் கேக்குறேன்."

அவள் கத்தவில்லை. ஆனால் தெருக்கோடி வரை கேட்டது.

கார்த்திகேயன் கடையிலிருந்து வந்து சேர்ந்தது அப்போதுதான். ஸ்கூட்டரை நிறுத்தியதும் நடந்தது என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இவன் சொன்னால் முடிந்துவிடும் என்கிற நிம்மதி பெத்தன் முகத்தில் தெரிந்தது. கார்த்திகேயன் தன் மனைவி அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"சௌபி, அப்பச்சி மனசு..."

"தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லலை. உங்ககூட அப்புறம் பேசுறேன்."

கார்த்திகேயன் அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல், தூணில் கை வைத்து நின்றான்.

பின்கட்டிலிருந்து சத்தியமூர்த்தி வந்துகொண்டிருந்தார். கூழாங்கல்லில் கால் வைக்கத் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பங்காளிகள் ஒதுங்கி நின்றார்கள். அவர் காருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"இது எனக்காகக் கேக்குறதா இருந்தா, எனக்கு வேணாம். நான் கேக்கலை."

தேனம்மை பெருமூச்சு விட்டாள். கேட்டவளுடைய காலை அவர் வாரிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். சௌபர்ணிகாவும் அப்படித்தான் நினைத்தாள். கூடத்தில் அவர் சொன்னதை இங்கே அவள் சொல்லியிருக்கலாம். வேட்டி விலகியதை, வெட்கத்தை, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றதை எல்லாம் சபையில் போட்டு உடைத்திருந்தால் அவரால் தலை நிமிர்ந்திருக்க முடியாது. அவ்வளவு கோபத்திலும் அவள் அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்கு வேணாம் மாமா. எனக்கு வேணும்."

"என்ன?"

"அன்னைக்கு நீங்க படுத்துக் கெடந்தீக. நான் பக்கத்துல நடந்து வந்தேன். உங்களுக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு ஒவ்வொரு அடிக்கும் குனிஞ்சு பாத்துக்கிட்டே வந்தேன். செருப்பு எங்க கழண்டுச்சுன்னுகூடத் தெரியாது. இந்தப் பாதையை இன்னொரு தடவை அப்படி நடக்க என்னால ஆகாது. உங்க உசிரு உங்களோடதுதான், சரி. நடந்த காலு என்னோடது. அதுக்காகத்தான் கேக்குறேன்."

பெரியவர் அவளையே பார்த்தார்.

"சாவியை எங்கிட்டக் குடு ஆத்தா."

கையை நீட்டினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் கேட்டு அவள் இல்லை என்றதில்லை. அவள் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"மாட்டேன் மாமா."

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் அதை இறக்கி, பின்கதவின் கைப்பிடியில் வைத்தார்.

"சரி. இதையாச்சும் தொற. எனக்கு நிக்க முடியலை."

அவள் பூட்டைத் திறந்தாள். அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார். பெத்தன் ஓடிவந்து கண்ணாடி அருகே குனிந்தான்.

"பெரியப்பச்சி, நீங்க ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னா அண்ணமிண்டி கேப்பாக. இறங்கி வாங்க. எல்லாரும் பாக்குறாக."

"நான் சொல்லிப் பாத்துட்டேன். அது கேக்க மாட்டேங்குது. நீ வேணா ஆசாரியைக் கூப்பிட்டுச் சொல்லிப் பாரு. அவன் கேப்பான்."

பெத்தனுக்கு முதலில் விளங்கவில்லை. உத்தரத்தை உயர்த்தச் சொல்கிறார் என்று விளங்கியபோது நிமிர்ந்து தேனம்மையைப் பார்த்தான். தேனம்மை கையிலிருந்த பூக்கூடையை அங்கேயே, கூழாங்கல் மேலே, கவிழ்த்தாள்.

"ஆசாரி இங்க கால் வச்சா, நாளைக்கு எங்க பங்கு வீட்டுக் கதவு தொறக்காது. சாமி ரூம் எங்க பக்கம் இருக்குங்கறதை மறந்துறாதீக. யாருக்குப் படைக்கிறீக, எங்க படைக்கிறீகன்னு நானும் பாக்குறேன்."

அவள் உள்ளே போனாள். பெரிய கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மதுரைக்காரர்கள் பழத்தட்டோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் காருக்குள், சாமி பூட்டுக்குள், அண்டா வேனுக்குள். கார்த்திகேயன் தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்தான். யாரைக் கூப்பிடுகிறான், ஆசாரியையா என்று பெத்தன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தெருப் பக்கம் நடந்தான்.

சௌபர்ணிகா டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் பெரியவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அது சீராக இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் உற்றுக் கேட்டாள். சீராகத்தான் இருந்தது. அது உறுதியானதும் கோபம் திரும்ப வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாம ஆள் வச்சு மாத்துனீகளே," என்றாள் திரும்பாமலேயே. "அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகலை மாமா."

"போக வேணாம்," என்றார் சத்தியமூர்த்தி. "சபையில வச்சு மாட்டேன்னு சொன்னியே. எனக்கும் உம்மேல கோவந்தான்."